கிருமி வராத இடத்துக்கும் போகும் அதன் பொதி

பெரிய மழை விட்டு ஒரு வாரத்துக்குள் மாமாவுக்குக் காய்ச்சல் தொடங்கியது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளிக்குள் வெள்ளம் நின்ற நாட்களில், வரம்பை வெட்டித் தண்ணீரை வழியவிடுவதற்காக வெறுங்காலோடு சேற்றில் நின்றவர். வலது குதிகாலில் பழைய வெடிப்பு. நீரிழிவும் பத்து வருடமாக இருக்கிறது. முதலில் டெங்கு என்று நினைத்தோம், பிறகு எலிக்காய்ச்சல் என்றோம். இரத்தத்தைப் போத்தலில் ஊற்றி அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்த்தபோது வந்த பெயர் வேறு: மெலியோயிடோசிஸ். வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பற்றீரியா தரும் நோய்.

ஊசி மருந்து ஏறத் தொடங்கி ஒரு வாரத்தில் மறுபடி இரத்தம் எடுத்தார்கள். இந்த முறை கிருமி வளரவில்லை. ஆனால் பின்னேரம் ஆனால் உடம்பு கொதிக்கும், போர்வைக்குள் நடுங்குவார். கட்டிலில் சாய்ந்திருந்தபடி என்னைக் கேட்டார்:

“என்ன மருமகன், ரத்தத்தில கிருமி இல்லையெண்டு டொக்டர் சொல்றார். அப்ப என்னத்துக்கு இன்னும் காயுது?”

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன். அன்று தொடங்கிச் சில நாட்களாக அவருக்குச் சொன்னதை இங்கே இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

அவருக்குப் பொருந்தும் முதல் பதில் எளிது. இந்த நோயில் கிருமி நுரையீரல், ஈரல், மண்ணீரல், மூட்டு என்று உள் இடங்களில் சீழ்க்கட்டி கட்டி ஒளிந்திருக்கும். இரத்தத்தில் அகப்படவில்லை என்பதற்காக உடம்பை விட்டுப் போய்விட்டது என்று எடுக்கக்கூடாது. சரியான மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே காய்ச்சல் விட ஒன்பது பத்து நாள் எடுப்பது இதில் வழமை. இரண்டாவது பதில்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. உடம்பு காய்வதற்குக் கிருமி நேரில் வந்து நிற்க வேண்டும் என்றில்லை. அதன் மேலுறையிலிருந்து கழன்ற ஒரு சிறு பொதி வந்தாலே போதும். இந்தப் பொதிக்கு மென்சவ்வுப் புடகம் என்று பெயர். புடகம் என்றால் சிறிய பை, குமிழ். இவ்வளவுதான்.

படங்கு உப்புவது போல

1884இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற வைத்தியர் பற்றீரியாவுக்குச் சாயம் ஊட்டும் முறை ஒன்றை வெளியிட்டார். ஊதாச் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்பவை கிராம் நேர், அதைக் கழுவ விட்டுவிட்டு இளஞ்சிவப்பாகத் தெரிபவை கிராம் மறை. இன்றும் ஆய்வுகூடத்தில் முதலில் பார்ப்பது இதைத்தான். மாமாவைப் பிடித்தது கிராம் மறை. வயிற்றோட்டம் தரும் ஈ.கோலை, கொலரா, தைபொயிட்டு எல்லாம் அந்தக் கூட்டம்தான்.

கிராம் மறைப் பற்றீரியாவுக்கு இரண்டு மென்சவ்வு. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, நடுவில் மெல்லிய கலச்சுவர். வெளிமென்சவ்வு சும்மா மூடிக்கொண்டு கிடப்பதில்லை. சிறு புரதங்கள் அதைக் கலச்சுவரோடு இழுத்துக் கட்டி வைத்திருக்கின்றன.

வேளாண்மை வெட்டிக் குவித்த நெல்லை மழைக்குப் படங்கால் மூடும்போது நாமும் இதையே செய்கிறோம். சுற்றிவர முளை அடித்து, கயிற்றால் இழுத்துக் கட்டுவோம். கட்டு இறுக்கமாக இருக்கும்வரை படங்கு குவியலோடு ஒட்டிக் கிடக்கும். இரண்டு முளை இளகினால் அந்த இடத்தில் காற்றுப் புகுந்து படங்கு பானை வயிறு போல உப்பும். வெளிமென்சவ்வும் அப்படியே. கட்டும் புரதங்கள் குறைந்த இடத்தில், அல்லது உள்ளே ஏதாவது சேர்ந்து நெருக்கும் இடத்தில், அது வெளிப்பக்கமாக உப்பும். படங்கென்றால் கிழியும். மென்சவ்வு கொழுப்பால் ஆனது. உப்பிய பாகத்தின் கழுத்து ஒடுங்கி, தானே ஒட்டிக்கொண்டு, உருண்டையாகக் கழன்று போய்விடும். பற்றீரியாவுக்கு ஓட்டையும் விழாது.

பருமனைச் சொல்லவேண்டும். புடகம் பெரும்பாலும் 20 முதல் 250 நனோமீற்றர் வரை. ஈ.கோலைப் பற்றீரியா ஏறக்குறைய 2000 நனோமீற்றர் நீளம். பற்றீரியாவை வாவியில் நிற்கும் 20 அடித் தோணி என்று வைத்தால், 100 நனோமீற்றர்ப் புடகம் ஓர் அடி, அதாவது உரிக்காத தேங்காய் அளவு. பாடசாலையில் இருக்கும் ஒளி நுணுக்குக்காட்டியில் தோணி தெரியும், தேங்காய் தெரியாது. அதற்கு இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும்.

அதனால்தான் 1960களில்தான் இவை கண்ணில் பட்டன. 1967இல் கல்கத்தாவில் சட்டர்ஜி, தாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கொலராப் பற்றீரியாவை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்து, அதன் மேலுறை இப்படிக் கழன்று வெளியேறுவதை எழுதினார்கள். நமக்குப் பக்கத்து மண்ணில், நம் ஊர்களையும் ஒரு காலத்தில் உலுக்கிய கிருமியில் நடந்த கண்டுபிடிப்பு. மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு தனிச் சந்தோசம். ஆனால் அதன் பிறகும் நீண்ட காலம் பலர் இவற்றை, சாகும் பற்றீரியாவிலிருந்து உதிரும் குப்பை என்றுதான் பார்த்தார்கள்.

பொதிக்குள் என்ன

புடகம் உயிருள்ளது அல்ல. பெருகாது. போத்தலில் எவ்வளவு ஊட்டம் கொடுத்தாலும் வளராது. மாமாவின் இரத்தத்தை ஊற்றிய போத்தலை நினைத்துப் பாருங்கள். அது உயிருள்ள, பிரிந்து பெருகக்கூடிய கிருமியை மட்டும்தான் காட்டும். புடகம் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அந்தப் போத்தலுக்கு அது ஒன்றுமில்லை. குடலின் தடுப்புச் சுவர் பழுதடைந்த நோயாளர்களின் இரத்தத்தில் பற்றீரியாப் புடகங்கள் இருப்பதை ஆய்வாளர்கள் வேறு முறைகளால் பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அதாவது இவை ஆய்வுகூடக் குடுவைக்குள் மட்டும் இருக்கும் சங்கதி இல்லை.

உறை பற்றீரியாவின் வெளிமென்சவ்வேதான். அதன் வெளிப்பக்கம் முழுக்க லிப்போபொலிசக்கரைட்டு என்ற, கொழுப்பும் சீனிச் சங்கிலியும் சேர்ந்த மூலக்கூறு. பழைய பெயர் அகநச்சு. இந்த ஒரு மூலக்கூறுதான் கதையில் பாதி, அதனால் பெயரை மனதில் வையுங்கள். உறையில் பற்றீரியாவின் புரதங்களும் பதிந்திருக்கும். உள்ளே இரு மென்சவ்வுக்கும் இடைப்பட்ட திரவம், நொதியங்கள், நச்சுகள், கலச்சுவர்த் துண்டுகள், டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. துணுக்குகள். எந்தப் பற்றீரியா, எந்த நேரம், என்ன நெருக்கடி என்பதைப் பொறுத்து சரக்கு மாறும்.

பற்றீரியாவுக்கு இதில் என்ன இலாபம்? பழுதான புரதத்தை வெளியே தள்ளலாம். தன்னைத் தேடி வரும் வைரசுக்கும், தன் உறையைத் துளைக்கும் மருந்துக்கும் புடகத்தைக் காட்டி ஏமாற்றலாம். பென்சிலினை உடைக்கும் நொதியத்தைப் புடகத்தில் வைத்து அயலவற்றையும் காப்பாற்றலாம். எனக்கு மிகப் பெரிய இலாபமாகப் படுவது இன்னொன்று. ஒரு நச்சைத் தண்ணீரில் அப்படியே விட்டால் அது கரைந்து ஐதாகிப் போகும், நமது நொதியங்கள் வெட்டிவிடும். பையில் கட்டி அனுப்பினால் செறிவு குறையாமல், பழுதாகாமல், போகவேண்டிய இடத்துக்கு ஒரே தடவையில் போய்ச் சேரும். ஒரு வகை ஈ.கோலை வயிற்றோட்ட நச்சை இப்படித்தான் புடகத்தின் மேலேயே ஒட்டி அனுப்புகிறது. குடல் கலத்தில் போய்ப் பிடித்துக்கொள்வதும் அந்த நச்சுத்தான், சாவியும் சரக்கும் ஒன்றாக.

வாசல் காவலும் வீட்டுக்குள் காவலும்

சரி, பொதி நமது கலத்தின் வாசலுக்கு வந்துவிட்டது. இனி என்ன நடக்கிறது என்பதுதான் அழற்சியின் கதை.

நமது வெண்குருதிக் கலங்களின் மேலும் குடல், நுரையீரல் கலங்கள் பலவற்றின் மேலும் காவலாளிப் புரதங்கள் உண்டு. ஒன்றின் பெயர் ரி.எல்.ஆர். 4. அதன் முக்கிய வேலை லிப்போபொலிசக்கரைட்டைப் பிடிப்பது. இந்தக் காவலாளிதான் அகநச்சை உணர்கிறது என்பதை 1998இல் புரூஸ் பொய்ட்லரின் குழு எலிகளில் காட்டியது. 2011இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ரி.எல்.ஆர். 4இல் அகநச்சுத் தட்டுப்பட்டதும் கலத்துக்குள் செய்தி ஓடும், கருவுக்குள் சில மரபணுக்கள் திறக்கும், கலம் இன்டர்லியூக்கின்-6, ரி.என்.எஃப். போன்ற செய்திப் புரதங்களை இரத்தத்துக்குள் கொட்டும். அவை மூளைக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே உடல் வெப்பத்தின் அளவு உயர்த்தி வைக்கப்படும். அதுதான் காய்ச்சல். பனடோல் அந்தக் கடைசிப் படியில்தான் குறுக்கே நிற்கிறது. முன்னுள்ள படிகளை அது தொடுவதில்லை. அதனால்தான் மாமாவுக்கு நாலு மணித்தியாலம் வேர்த்து இறங்கி, மறுபடி ஏறியது.

சிவப்பு, வெப்பம், வீக்கம், வலி என்ற அழற்சியின் நாலு குறிகளும் இதே செய்திப் புரதங்களின் வேலைதான். குருதிக்குழாய் விரியும், சுவர் இளகும், நீரும் வெண்குருதிக் கலங்களும் இழையத்துக்குள் இறங்கும். அளவாக நடந்தால் இது நம்மைக் காப்பாற்றும். அளவு மீறினால் இரத்த அழுத்தம் விழுந்து, சிறுநீரகமும் நுரையீரலும் தடுமாறி, உயிருக்கே ஆபத்தாகும். குருதி நஞ்சாதல் என்று நாம் சொல்வது அந்த நிலையை. பற்றீரியா ஒன்றுகூட இல்லாமல், புடகங்களை மட்டும் எலிகளுக்குச் செலுத்தியே அதைப் போன்ற நிலையை ஆய்வாளர்கள் உண்டாக்கியிருக்கிறார்கள்.

இதுவரை வாசலில் நடந்தது. ஆனால் புடகம் வாசலோடு நிற்பதில்லை. அது கொழுப்புப் பை, நமது கலத்தின் உறையும் கொழுப்பு. சில புடகங்கள் அந்த உறையோடு கலந்து சரக்கை உள்ளே ஊற்றிவிடும். பெரும்பாலானவற்றைக் கலமே உறையை உள்ளே மடித்து விழுங்கும். கலம் வழக்கமாக உணவு எடுக்கும் வழியும் அதுதான். விழுங்கிய பை உள்ளே உடைந்தால், லிப்போபொலிசக்கரைட்டு கலத்தின் நடுவீட்டுக்குள் வந்துவிடும்.

அங்கே இருக்கும் காவல் வேறு. மனிதரில் அது கஸ்பேஸ்-4, கஸ்பேஸ்-5 என்ற நொதியங்கள், எலியில் கஸ்பேஸ்-11. இவை கூச்சல் போட்டு ஆட்களைக் கூப்பிடுவதோடு நிற்பதில்லை. இன்னொரு புரதத்தை வெட்டிவிட, அதன் துண்டுகள் போய்க் கலத்தின் உறையில் துளை துளையாகப் போடும். கலம் ஊதி, வெடித்துச் சாகும். சாகும்போது இன்டர்லியூக்கின்-1 என்ற மிகக் கடுமையான காய்ச்சல் செய்தி வெளியே கொட்டும். வெளியே நிற்கும் பற்றீரியாவின் லிப்போபொலிசக்கரைட்டு எப்படி நடுவீட்டுக்குள் போகிறது என்பது நெடுநாள் கேள்வியாக இருந்தது. 2016இல் வந்த ஓர் ஆய்வு, அதைச் சுமந்து போவது இந்தப் புடகங்கள்தான் என்று காட்டியது. குப்பை என்று விட்ட பொருள் வீட்டுத் திறப்பாக மாறிய இடம் அது. இதை முதன்முதலில் வாசித்த இரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

மாமாவின் கேள்விக்கு இது நேரடியாகத் தொடும் இன்னோர் இடமும் உண்டு. பற்றீரியா வெடித்துச் சாகும்போதும் அதன் மென்சவ்வுத் துண்டுகள் சுருண்டு ஒட்டி இதே மாதிரிப் புடகங்களாகும். சூடோமோனாஸ் என்ற பற்றீரியாவில் இது நடப்பதை, அதே 2016இல், உயிருள்ள கலங்களில் படம் பிடித்தார்கள். அன்ரிபயோட்டிக்குகள் சிலவும் இப்படிப் புடகம் கூட வைக்கும் என்று ஆய்வுகூடத்தில் பார்த்திருக்கிறார்கள். அதற்காக மருந்தைப் பயப்படக்கூடாது. கிருமி சாகாவிட்டால் பொதி வருவதும் நிற்காது. மெலியோயிடோசிசுக்கு ஊசி மருந்து குறைந்தது 10 முதல் 14 நாள், அதன் பிறகு குளிசை குறைந்தது மூன்று மாதம். காய்ச்சல் விட்டதும் குளிசையை விட்டவர்களுக்கு நோய் திரும்பி வருவது உண்டு. மாமி அந்தக் குளிசை அட்டைகளைச் சாமித்தட்டுக்குக் கீழே வைத்து, நாளுக்கு நாள் கோடு போட்டுத்தான் கொடுத்தா.

தீ மூட்டாத பொதிகள்

இதோடு நிறுத்தினால் புடகம் என்றாலே கெட்டது என்று ஆகிவிடும். அது பிழை.

நமது பெருங்குடலில் பக்ரரொயிடெஸ் பிரஜிலிஸ் என்ற கிராம் மறைப் பற்றீரியா சாதுவாகக் குடியிருக்கிறது. அதுவும் புடகம் விடும். அதன் புடகத்தில் ஒரு தனிச் சீனிச் சங்கிலி உண்டு. குடல் சுவருக்கு அடியில் காத்திருக்கும் காவல் கலங்கள் அந்தப் புடகத்தை எடுத்துச் சோதித்தால், ஆள் கூப்பிடுவதற்குப் பதிலாக, அடங்கியிருங்கள் என்று சொல்லும் ரி கலங்கள் என்ற வெண்குருதிக் கலங்களை வளர்க்கின்றன. அவை இன்டர்லியூக்கின்-10 சுரக்கும், அழற்சி தணியும். 2012இல் எலிகளுக்கு இந்தப் புடகங்களைக் கொடுத்தபோது குடல் அழற்சி வராமல் தடுத்தது.

நான்கு வருடம் கழித்து வந்த தொடர்ச்சி அதைவிட முக்கியமானது. குரோன் நோய் என்ற நாட்பட்ட குடல் அழற்சிக்கு ஆளாகிறவர்கள் பலரில் இரண்டு மரபணுக்களில் மாற்றம் இருப்பது முன்பே தெரியும். அந்த மரபணுக்கள் பழுதான கலங்களுக்கு இதே புடகத்தைக் கொடுத்தால் அவை அடங்கும் பக்கம் திரும்பவில்லை. கடிதம் சரியாகத்தான் வந்திருக்கிறது, வாசிக்கத் தெரிந்த ஆள் வீட்டில் இல்லை. நோய்க்குக் காரணம் கிருமியா, நாமா என்று பிரித்துக் கேட்பதே இங்கே சரிவராது.

ரி.எல்.ஆர். 4 ஒன்றுதான், ஆனால் லிப்போபொலிசக்கரைட்டு எல்லாப் பற்றீரியாவிலும் ஒரே மாதிரி இல்லை. ஈ.கோலையினது காவலாளியை உலுக்கி எழுப்பும். பக்ரரொயிடெஸினது மெதுவாகத் தொட்டுவிட்டுப் போகும். எந்தக் கிருமியின் பொதி, எவ்வளவு, எந்த இடத்தில் இறங்கியது என்ற மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். குடலுக்குள் அமைதியாகக் கிடக்கும் பொதி இரத்தத்துக்குள் போனால் வேறு கதை.

முரசில், அதாவது பல் ஈறில், குடியேறும் போர்பிரோமோனாஸ் என்ற பற்றீரியா எதிர்ப்பக்க உதாரணம். புரதத்தை வெட்டும் நொதியங்களை அது புடகத்தில் ஏற்றிவிடும். பற்றீரியா நுழைய முடியாத முரசு இழையத்துக்குள்ளும் புடகம் போய் வெட்டும். வெற்றிலை போடும் நம் பெரியவர்கள் பல் ஆடுவதை வயதின் கணக்கில் போட்டுவிடுகிறார்கள். முரசில் இரத்தம் கசிந்தால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள், அது அழற்சி.

கிராம் நேர்ப் பற்றீரியாவுக்குச் சுவர் தடிப்பு என்பதால் புடகம் விடாது என்று நெடுநாள் நம்பினார்கள். 2009இல் கொப்புளம், கட்டி தரும் ஸ்ரபிலோகொக்கஸும் விடுகிறது என்று காட்டப்பட்டது. தயிரில் இருக்கும் லக்ரோபசிலசு வகைகளும் விடும். அவற்றின் புடகங்கள் சில ஆய்வுகூடக் கலங்களில் அழற்சியைத் தணித்திருக்கின்றன. நமது எருமைத் தயிர்ச் சட்டியைப் பார்த்து ஆசையாக இருந்தாலும், கலத்தில் கண்டதைத் தயிர் தின்பவருக்கு நடக்கும் என்று சொல்ல இது போதாது. அப்படி எழுதி யாராவது பொடி விற்றால் வாங்காதீர்கள்.

பொதியே மருந்தாக

கிருமியின் வெளித்தோற்றம் முழுவதும் புடகத்தில் இருக்கிறது, ஆனால் அது பெருகாது. தடுப்பூசிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மூளைக்காய்ச்சல் தரும் மெனிங்கோகொக்கஸின் பி வகையில் இது உண்மையாகவே நடந்தது. அந்த வகையின் வெளிச் சீனி உறை நமது நரம்புக் கலங்களின் சீனியைப் போலவே இருப்பதால், மற்ற வகைகளுக்குச் செய்ததுபோல அந்த உறையை வைத்துத் தடுப்பூசி செய்ய முடியவில்லை. கியூபா 1980களின் கடைசியில் புடகத்தை வைத்தே ஊசி செய்தது. 1991இலிருந்து பி வகைத் தொற்றால் தவித்த நியூசிலாந்து, தன் நாட்டில் பரவிய கிருமியின் புடகத்திலிருந்தே ஓர் ஊசி செய்து 2004இல் பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கியது. சவர்க்காரம் மாதிரியான ஒரு பொருளால் கழுவி லிப்போபொலிசக்கரைட்டைப் பெருமளவு குறைத்த பிறகுதான் போடுவார்கள், இல்லாவிட்டால் ஊசியே காய்ச்சலைக் கொட்டும். அதே நியூசிலாந்துப் புடகம் பிறகு 2013இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற பெக்செரோ ஊசியிலும் ஒரு பாகமானது. நியூசிலாந்தில் அந்த முதல் ஊசி போட்ட பிள்ளைகள் வளர்ந்த பிறகு அவர்களிடையே, பாலுறவால் தொற்றும் கொணோரியா ஏறக்குறைய 31 வீதம் குறைவாக இருந்ததை 2017இல் கணக்குப் பார்த்துச் சொன்னார்கள். இரண்டு கிருமியும் உறவுக்காரர், வெளித்தோற்றம் ஒத்துப்போகிறது.

மெலியோயிடோசிசிலும் இதே வழியைப் பார்த்திருக்கிறார்கள். 2011இல் வந்த ஆய்வில், அந்தப் பற்றீரியாவின் புடகத்தை ஊசியாகப் பெற்ற எலிகளில் பல, சுவாசத்தின் வழியாகக் கொடுத்த சாகடிக்கும் அளவு கிருமியைத் தாங்கின. மனிதருக்கு அனுமதி பெற்ற ஊசி இன்னும் எந்த நாட்டிலும் இல்லை. இலங்கையில் இந்த நோய் முதன்முதலில் பதிவானது 1927இல், கொழும்பில். கிழக்கில் ஒரு கடும் மழைக்குப் பிறகு இரத்தத்தில் கிருமி உறுதியான 10 பேர் ஒரே கூட்டமாக வந்தபோது, அவர்களிடமிருந்து எடுத்த கிருமிகளின் மரபைப் படித்துப் பார்த்தார்கள். ஒன்றுக்கொன்று வேறு வேறு. ஓர் இடத்திலிருந்து பரவியது அல்ல, அவரவர் மண்ணிலிருந்து அவரவருக்கு வந்தது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மாமாவுக்குக் காய்ச்சல் விட்டு நாலு நாள். கேட்டுக்கொண்டே இருந்தவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

“அந்த ஊசி வட்டைக்க நிக்கிற ஆக்களுக்கு எப்ப மனே வரும்?”

எப்போது என்று என்னால் சொல்ல முடியவில்லை. இப்போதைக்குச் செய்யக்கூடியதைச் சொன்னேன். சேற்றில் இறங்கும்போது முழங்கால் வரை வரும் றப்பர் பூட்ஸ், காலில் வெடிப்பிருந்தால் ஒட்டி மூடிவிட்டு இறங்குவது, காய்ச்சல் வந்தால் வைத்தியசாலையில் கேட்க முன்னமே நான் வேளாண்மைக்காரன், நீரிழிவும் இருக்கிறது என்று சொல்வது. அடுத்த நாள் என் மனைவி களுவாஞ்சிக்குடியில் எட்டாம் இலக்கப் பூட்ஸ் ஒரு சோடி வாங்கி வந்தா. மாமாவுக்குக் கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை, வலது கால் உள்ளே போகவில்லை. ஒன்பதாம் இலக்கத்துக்கு மாற்றினோம்.